சூசையண்ணையின் நாலு மணி

போன கிழமை எனக்குப் பல்வலி. வலது பக்கம், கீழ்க் கடைவாய். ஒக்லாந்தில், ஆல்பனியில் மகள் வீட்டில் நின்றேன். அவள் கைத்தொலைபேசியை இரண்டு தட்டுத் தட்டி, பல்வைத்தியரிடம் மறுநாள் பத்து மணிக்கு நேரம் எடுத்துத் தந்தாள். "ஜஸ்ட் டேக் எ பெனடோல், மம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பெனடோல் எடுத்தேன். வலி அசையவில்லை. பிறகு அவளுடைய குசினி அலுமாரியைக் கிண்டி, பின்வரிசையில் ஒளிந்திருந்த கராம்புப் போத்தலைக் கண்டுபிடித்து, ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தேன்.

தமிழ்நாட்டுச் சிநேகிதிகள் இதைக் கிராம்பு என்பார்கள், இலவங்கம் என்பார்கள். எங்களுக்குக் கராம்பு. கடித்த உடனே நாக்கு மரத்தது, வலியும் கொஞ்சம் ஒதுங்கி நின்றது. ஆனால் மூக்கு இருக்கிறதே, அது ஆல்பனியை விட்டு வெளிக்கிட்டு, துறைமுகப் பாலத்தைத் தாண்டி, நேரே பென்ரோஸில் போய் நின்றுவிட்டது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். மனிதருக்கு வயது போகப் போக மூக்குக்கு மட்டும் வயது குறைந்துகொண்டு போகிறது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் பென்ரோஸில் ஒரு தொழிற்சாலையில் தட்டெழுத்தாளராக இருந்தேன். மிளகு, கறுவாப்பட்டை, கராம்பு, சாதிக்காய் எல்லாம் சாக்குச் சாக்காக வந்து இறங்கும். அவற்றைத் துப்புரவாக்கி, அரைக்க வேண்டியதை அரைத்து, சின்னக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து, வெள்ளைக்காரக் குசினிகளுக்கு அனுப்புவார்கள். கொழும்பில் கலவரம் நடந்த அடுத்த வருடம் நாங்கள் இங்கே வந்தோம். இவர், என் கணவர், பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு. எப்சத்தில் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். யாழ்ப்பாணத்தில் தட்டெழுத்துப் பரீட்சையில் முதலாவதாக வந்தவள் என்ற பெருமை ஒன்றுதான் என்னிடம் அப்போது மிச்சமிருந்தது. அதை வைத்துத்தான் வேலை எடுத்தேன்.

மிளகு அரைக்கிற நாட்களில் நான் தட்டெழுதுகிற கந்தோருக்குள்ளும் தும்மல்தான். கராம்பு வரும் நாட்களில் அப்படியில்லை. என் தலைமுடி, கம்பளிச் சட்டை, கைப்பை எல்லாம் மணக்கும். ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி, கிறிஸ்மஸ் கேக் கொண்டு போகிறாயா என்று என்னைக் கேட்டார். இல்லை, நான்தான் கேக் என்று சொல்லத் தோன்றியது. அந்தளவு இங்கிலீசுத் தைரியம் அப்போது இல்லாததால் சிரித்துவிட்டு இறங்கினேன்.

அந்தத் தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்ப்பவர் சூசையண்ணை. முழுப்பெயர் சூசைப்பிள்ளை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். வயதுக்கு நான் மாமா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். முதல் நாளே வாயில் அண்ணை என்று வந்துவிட்டது, அவரும் மறுக்கவில்லை. என் மேசைக்கு வந்து, "பிள்ளை யாழ்ப்பாணத்திலை எவடம்?" என்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஊரைச் சொன்னேன். அவர் எந்த ஊர் என்று திருப்பிக் கேட்டேன்.

"நான் சன்சிபார்," என்றார்.

யாழ்ப்பாணத்தை அவர் கண்ணாலும் கண்டதில்லை. தகப்பனார் இளவயதில் கப்பலேறி, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் உள்ள அந்தத் தீவில் துறைமுக எழுத்தராகப் போய்ச் சேர்ந்தவர். சூசையண்ணை அங்கேயே பிறந்தவர். தாயும் தகப்பனும் கொண்டு போன தமிழை அப்படியே பரணில் வைத்துப் பாதுகாத்ததுபோலப் பேசுவார். என்னுடைய தமிழைவிட அது பழசு, சுத்தமும்கூட. எழுத மட்டும் வராது. இடையிடையே சுவாகிலி வந்து விழும். கராம்புக்கு அங்கே கராஃபூ என்று சொல்வார்களாம். "பாரும், சொல்லும் எங்களோடை கப்பலேறி வந்திருக்கு" என்பார். எது எதனோடு ஏறி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

காலையில் பத்தரை மணித் தேநீர் இடைவேளைக்கு இந்த நாட்டில் ஸ்மோக்கோ என்று பெயர். சூசையண்ணையின் கதைகள் எல்லாம் எனக்கு ஸ்மோக்கோவில் கிடைத்தவைதான். புதுச் சாக்கு வந்தால் ஒரு பிடி கராம்பை அள்ளி வந்து, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போடுவார். நல்ல கராம்பு தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் வடித்து எடுத்துவிட்டு விற்கிற கள்ளக் கராம்பு படுத்து மிதக்கும். நின்றவற்றில் ஒன்றை எடுத்து நகத்தால் தலையை அழுத்துவார். நகத்தில் எண்ணெய் கசிந்தால் சரி. தினமும் காலையில் அப்படி ஒரு நல்ல கராம்பை என் தட்டெழுத்துப் பொறியின் மேல் வைத்துவிட்டுப் போவார். குட் மோர்னிங் சொல்வதற்குப் பதில் அது.

அவர் வேலை பழகியது சுல்தானின் காலத்தில். கதை சொல்லத் தொடங்கினால் முதலில் கொடி வரும். படமோ எழுத்தோ எதுவும் இல்லாத, முழுச் சிவப்புக் கொடி. பிறகு சுல்தானின் சிவப்புக் கார். மாலையில் அது கடற்கரை வீதியால் போகும், பிள்ளைகள் கை காட்டுவார்கள், உள்ளேயிருந்து வெள்ளைத்தாடிக்கார மன்னர் தானும் கை காட்டுவார். ஓமானிலிருந்து வந்த அரபு வம்சம். முழுத் தீவும் கராம்பு மரம். மழை பெய்து ஓய்ந்தால் கடலில் வரும் பாய்க்கப்பல்காரருக்குக் கரை தெரியமுன் மணம் தெரியுமாம். சுல்தானுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. அதில் இங்கிலீசுக்காரன். கொடி சுல்தானுடையது, உத்தரவு மற்றவனுடையது.

"இரண்டு எசமான் பிள்ளை, அதாலை இரண்டு மணி," என்பார்.

இதை அவர் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அரண்மனையை ஒட்டிய பெரிய மாளிகையின் கோபுரத்தில் ஒரு மணிக்கூடு இருந்தது. அது சூரியனுக்குக் கட்டுப்பட்டது. பொழுதுபட்டு, கொடி இறங்கும்போது அதில் பன்னிரண்டு. விடியும்போது மறுபடி பன்னிரண்டு. அதிலிருந்து ஒரு மணித்தியாலம் போனால் ஒரு மணி. எங்கள் கணக்கில் காலை ஏழு, அங்கே காலை ஒன்று. இங்கிலீசுக்காரனின் கந்தோர்ச் சுவரில் இலண்டனிலிருந்து வந்த மணிக்கூடு. அது நாங்கள் எல்லோரும் பார்க்கிற மணிக்கூடு. நீராவிக் கப்பல்கள் கந்தோர் மணிக்கு வரும். பாய்க்கப்பல்களும், சந்தையும், வீடுகளும், கல்யாணங்களும் கோபுரத்து மணிக்கு. சூசையண்ணை துறைமுகத்தில் நடுவில் நின்று இரண்டுக்கும் தலையாட்டினார்.

ஒரு முறை அரண்மனையில் இங்கிலீசுக்காரனுக்குப் பிடிக்காத ஒருவர் சுல்தானாக ஏறி இருந்துவிட்டார். இது சூசையண்ணையின் தகப்பனும் அங்கே போகமுன் நடந்த கதை. ஒன்பது மணிக்கு முன் இறங்கு, இல்லாவிட்டால் சுடுவோம் என்று போர்க்கப்பலிலிருந்து செய்தி வந்தது. அவர் இறங்கவில்லை. ஒன்பது அடித்ததும் சுட்டார்கள். முக்கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை, சண்டை முடிந்து, அரண்மனை இடிந்து, வேறொரு சுல்தானை இருத்தியாயிற்று.

"இங்கிலீசுக்காரனுக்கு ஒன்பது மணி. அரண்மனைக்கு மூண்டு மணிதானே," என்று சூசையண்ணை தேநீரை உறிஞ்சுவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். பாவம், அதில் செத்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் கேட்டவள்தான் நான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு என்னைத் திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

ஒரு நாள் ஸ்மோக்கோவில் நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். "அண்ணை, அவ்வளவு கராம்பையும் ஆர் பிடுங்கினது?" கராம்பு மரம் உயரம், பூ விரியமுன் மொட்டு மொட்டாகக் கையால் கிள்ள வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார்.

அவர் குவளையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நின்றுகொண்டிருந்த கராம்புகள் அசையாமல் நின்றன.

"அதைத்தான் பிறகு ஒரு நாள் அவையளே வந்து கேட்டவை," என்றார். எழும்பிப் போய்விட்டார்.

அவருடைய மறுபாதிக் கதை எனக்குத் தெரிந்தது அதற்கு ஆறேழு மாதம் கழித்து. மொம்பாசாவில் இருந்த ஒரு பாதிரியார் மூலமாக ஒரு கடிதம் அவரைத் தேடி வந்து சேர்ந்தது. அவருடைய தங்கை திரேசா எழுதியது. அப்படி ஒரு தங்கை இருக்கிறார் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, மிளகுச் சாக்குகளின் மேல் இருந்து அவர் சொன்னார்.

தீவின் தோட்டங்கள் அரபு முதலாளிகளுடையவை. மரமேறியவர்கள், ஆப்பிரிக்கப் பெருங்கரையிலிருந்து பிடித்து வந்து சந்தையில் விற்கப்பட்ட மனிதர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். சந்தையை மூடி, சட்டம் போட்டு, அந்த இடத்திலேயே இங்கிலீசுக்காரர் ஒரு பெரிய கிறிஸ்தவக் கோயிலும் கட்டினார்கள். ஆனால் சட்டம் வந்த பிறகும் யார் யாருடைய பேரன் என்பதை ஊர் மறக்கவில்லை. திரேசா, கன்னியர் மடத்தில் படித்த திரேசா, ஹமீது என்ற பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றார். ஹமீதின் பாட்டனார் சந்தையில் விற்கப்பட்டவர்.

வேறு மதம் என்பதைத் தகப்பன் எப்படியோ விழுங்கியிருப்பார். சூசையண்ணைதான் விழுங்கவில்லை. முப்பது வயதுகூட நிரம்பாத, மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டை போட்ட அரசாங்க உத்தியோகத்தர். வீட்டு வாசலில், ஹமீதும் நிற்கும்போது, தங்கையைப் பார்த்து ஒரு சொல் சொன்னார்.

"அடிமையின்ரை பேரனோ உனக்குக் கிடைச்சான் எண்டு கேட்டனான் பிள்ளை. அந்தப் பெடியன் எனக்குக் குனிஞ்சு சலாம் சொல்லிப்போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனான்."

எங்கள் ஊரிலும் இந்தச் சொல்லுக்கு வேறு வேறு பெயர்கள் இருக்கின்றன. நான் விளக்க வேண்டியதில்லை, உங்களுக்கும் தெரியும். நானும் மிளகுச் சாக்கின் மேல் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தேன்.

பிறகு இங்கிலீசுக்காரன் கொடியிறக்கிப் போனான். சுல்தானின் தனியாட்சி ஒரே ஒரு மாதம் இருந்தது. மரமேறியவர்களின் பேரப்பிள்ளைகள் எழும்பினார்கள். சுல்தான் கப்பலேறினார். தெருக்களில் நிறையப் பேர் செத்தார்கள். சூசையண்ணை தாய் தகப்பனோடு மொம்பாசாவுக்குத் தப்பிப் போனார். தகப்பனும் தாயும் அங்கே முடிந்தார்கள். பிறகு அவர் ஒரு கப்பல் கம்பனியோடு சுற்றிச் சுற்றி, எழுபதுகளில் ஒக்லாந்தில் இறங்கினார். கல்யாணம் கட்டவில்லை. திரேசா தீவிலேயே நின்றார். இருபது வருடத்துக்கு மேலாக இரண்டு பேரும் கதைக்கவில்லை.

திரேசாவின் கடிதம் சின்னது. ஹமீது போன வருடம் மோசம் போய்விட்டார், சாகும்வரை உன்னைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

"ஒருக்கா அவளோடை கதைக்கவேணும்," என்றார். "அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கவேணும். கடிதத்திலை எழுத ஏலாது. வாயாலை சொன்னதை வாயாலைதான் எடுக்கவேணும்."

திரேசாவின் வீட்டில் தொலைபேசி இல்லை. அந்தக் காலத்தில் அதற்கொரு வழி இருந்தது. ஒப்பரேட்டரிடம் முன்கூட்டிப் பதிந்தால், குறித்த நாளில் குறித்த நேரத்தில் அங்கே தபால் கந்தோருக்கு அழைப்புப் போகும். ஆள் அங்கே வந்து காத்திருக்க வேண்டும். எங்கள் எப்சம் வீட்டில் தொலைபேசி இருந்தது. குளிர்காலம். இங்கே பின்னேரம் ஏழு மணிக்கு எடுப்பதென்று பதிந்தோம். திரேசாவுக்கு நாளையும் நேரத்தையும் எழுத வேண்டும்.

சூசையண்ணைக்குக் கையெழுத்துக் கடிதத்தில் நம்பிக்கை கிடையாது. முக்கியமான விசயம் என்றால் தட்டெழுத வேண்டும், கார்பன் பிரதி ஒன்று கோவையில் கோத்து வைக்க வேண்டும். தங்கைக்கு எழுதினாலும் அதுதான் சட்டம். மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று இங்கிலீசில் சொல்லத் தொடங்கினார். முதலில் தலைப்பு: தொலைபேசி அழைப்பு தொடர்பாக. அதன் கீழ் கோடு. பிறகு, இத்தால் தங்களுக்கு அறியத்தருவது என்னவென்றால் என்று ஒரு பத்தி. முடிவில், தங்களின் கீழ்ப்படிவுள்ள சகோதரன். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தேன்.

"நேரம், நாலு மணி எண்டு போடும்," என்றார்.

என் விரல் நின்றது. இங்கே ஏழு மணி. அவர்கள் எங்களுக்கு ஒன்பது மணித்தியாலம் பின்னால். ஏழிலிருந்து ஒன்பதைப் பின்னுக்குப் போனால் காலை பத்து. நாலு எங்கிருந்து வந்தது? விடிய நாலு மணிக்கு எந்தத் தபால் கந்தோர் திறந்திருக்கும்? மனிதருக்கு மனக்குழப்பத்தில் கணக்குத் தப்பிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

இந்த இடத்தில் என் தட்டெழுத்து மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துரை சொல்லும்போது பிழை விட்டால், துரைக்குச் சொல்லாதே, முகத்திலும் காட்டாதே, சத்தமில்லாமல் சரியாக அடித்துவிடு, அதுதான் கெட்டிக்காரி என்று அவர் எங்களுக்குப் பழக்கியிருந்தார். பரீட்சையில் அதற்குப் புள்ளியும் உண்டு. முதலாவதாக வந்தவள் அல்லவா நான். பத்து மணி என்று அடித்தேன்.

சூசையண்ணைக்கும் ஒரு பழக்கம் இருந்தது. எழுத்தர் கொண்டுவந்து வைக்கும் கடிதத்தை அவருடைய இங்கிலீசுத் துரைமார் ஒரு நாளும் வாசிக்க மாட்டார்கள், அடியில் கையெழுத்து மட்டும் போடுவார்கள். அதுதான் பெரிய உத்தியோகத்தருக்கு அழகு என்று அவர் நினைத்திருந்தார். பேனையைத் திறந்து, வாசிக்காமல், அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்குக் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு வந்தார். தொலைபேசியில் கதைப்பதற்குக் கோட்டுப் போட்டு வந்த ஒரே மனிதரை நான் அன்றுதான் கண்டேன். இவர் பருப்பு வைத்து, கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, அடிக்கடி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஏழு மணிக்கு ஒப்பரேட்டர் எடுத்தாள். இலண்டன், நைரோபி என்று குரல்கள் கைமாறிக் கைமாறிப் போயின. கடைசியில் எங்கோ ஆழத்தில் ஓர் ஆண்குரல். சூசையண்ணை எழும்பி நின்றார். ஒப்பரேட்டர் திரும்பி வந்து, அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை, அன்பே, என்று மெதுவாகச் சொன்னாள். பத்து நிமிடம் விட்டு இன்னொரு தடவை. அரை மணித்தியாலம் விட்டு இன்னொரு தடவை. இல்லை.

சூசையண்ணை ஒப்பரேட்டருக்கு நன்றி சொல்லி, தொலைபேசியைப் பத்திரமாக வைத்தார்.

"அவள் வரேல்லை," என்றார். "சரிதானே. அவள் ஏன் வரவேணும்?"

சாப்பிடச் சொன்னோம். இரண்டு வாய் சாப்பிட்டார். கறி நல்லாயிருக்கு என்று இவருக்குச் சொன்னார். பஸ் எடுத்துப் போய்விட்டார். அவர் அணிந்து வந்த கோட்டின் முதுகுப் பக்கம் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு ஆறு கிழமை என் தட்டெழுத்துப் பொறியின் மேல் கராம்பு இல்லை. கோபமில்லை, மறந்துவிட்டார். ஸ்மோக்கோவில் சுல்தானும் இல்லை, சிவப்புக் காரும் இல்லை. தண்ணீரில் கராம்பைப் போட்டுவிட்டு, நிற்கிறதா படுக்கிறதா என்று பார்க்காமலே இருப்பார். நானும் மனத்துக்குள் அந்தத் திரேசாவைத் திட்டினேன். என்ன கல்நெஞ்சு, கிழவன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தாரே என்று. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

ஏழாவது கிழமை அவர் என் மேசைக்கு வந்தார். ஒரு கையில் திரேசாவின் புதுக்கடிதம், மற்றக் கையில் கோவையிலிருந்து எடுத்த கார்பன் பிரதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். திரேசா எழுதியிருந்தார்: நீ எழுதியபடி பத்து மணிக்கு வந்தேன். கந்தோர் பூட்டும்வரை இருந்தேன். பிறகு பொழுதுபடும்வரை வாசற்படியில் இருந்தேன். உனக்கு இன்னும் கோபம் என்றால் அதைச் சொல், இப்படி வரச்சொல்லிவிட்டு இருக்க வைக்காதே. அடுத்த முறை தட்டெழுதத் தேவையில்லை, உன் கையெழுத்து எனக்கு வாசிக்கத் தெரியும்.

பத்து மணி. விடிந்து பத்து மணித்தியாலம். எங்கள் கணக்கில் பின்னேரம் நாலு. நாங்கள் அழைத்தபோது விடிந்து நாலு மணித்தியாலம். நாலு மணி.

"பிள்ளை, நான் நாலு எண்டுதானே சொன்னனான்?"

"ஓம் அண்ணை. நான்தான் மாத்தினனான்."

எனக்கு நாக்கு அந்த இடத்திலேயே மரத்துவிட்டது. சுல்தானும் கோபுரமும் இரண்டு மணியும் எல்லாம் கேட்டுக் கேட்டுச் சிரித்தவள், அதெல்லாம் சுல்தானோடு கப்பலேறிப் போய்விட்டது என்று நினைத்திருக்கிறேன். அது ஸ்மோக்கோவில் சொல்வதற்கு ஏற்ற கதை. அந்தக் கதைக்குள் ஒரு பெண் இன்னும் குடியிருக்கிறாள், அவளுடைய அடுப்பும் சந்தையும் தூக்கமும் அந்த மணியில்தான் நடக்கின்றன என்று எனக்குத் தோன்றவில்லை. கொடி போனாலும், கந்தோர் போனாலும், பொழுது அங்கே தன்பாட்டுக்கு விடிந்துகொண்டுதானே இருக்கும்.

ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் திரேசாவின் கடிதத்தை மறுபடி எடுத்து, ஒரு வரியில் விரலை வைத்தார். 

"வந்திருக்கிறாள்," என்றார். "பொழுதுபடுமட்டும் இருந்திருக்கிறாள் பிள்ளை."

பிறகு கதிரையை இழுத்து இருந்தார். முதல் தடவை நின்றுகொண்டு சொன்னவர், இம்முறை இருந்துகொண்டு சொன்னார். தலைப்பு: எனது முந்தைய கடிதம் தொடர்பாக. பத்து என்று இருப்பதை நாலு என்று வாசிக்கவும். பிழைக்கு வருந்துகிறேன்.

அடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் யன்னலுக்கு வெளியே, சரக்கு லொறிகள் திரும்புகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குக் கீழை இன்னும் ஒரு வரி," என்றார். "மற்றதற்கும்."

அப்படியே அடித்தேன். ஓர் எழுத்தும் மாற்றவில்லை. வாயால்தான் எடுப்பேன் என்றவர், கடைசியில் அரசாங்கப் பாஷையில் எடுத்தார். அதைவிட நேர்மையான பாஷை அவரிடம் இல்லை. இந்த முறை அவர் கடிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டு, முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மறுபடி கோட், மறுபடி டை. மறுபடி இவர் கத்தரிக்காய். இலண்டன், நைரோபி. அந்த ஆழத்து ஆண்குரல். பிறகு ஒரு பெண்குரல், எனக்கே கேட்கும் அளவுக்கு உரக்க.  ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் போகிற அழைப்பில் சூசையண்ணை முதலில் கோட்டுப் பொத்தான்களைப் பூட்டினார். கடைசியில் கேட்டார்.

"திரேசா, அங்கை இப்ப எத்தினை மணி?"

அந்தப் பக்கத்துக் குரல் சுவாகிலியில் இரண்டு சொல் சொன்னது. எனக்குப் பாஷை தெரியாது, ஆனால் அது நாலு என்று எனக்குத் தெரியும். சூசையண்ணை தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இடது கை மணிக்கூட்டின் சாவியை இழுத்து, முள்ளை ஏழிலிருந்து நாலுக்குத் திருப்பினார். அதற்குப் பிறகு அவர்கள் சிரித்தார்களா அழுதார்களா என்று நான் சொல்லமாட்டேன். நானும் இவரும் குசினிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

மறுநாள் என் பொறியின் மேல் மூன்று கராம்பு இருந்தது.

அதற்குப் பிறகு அந்த மணிக்கூட்டை அவர் ஒக்லாந்து நேரத்துக்குத் திருப்பவேயில்லை. எங்கள் மணிக்கூட்டுக்கு மூன்று மணி பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கோடைகாலத்தில் நாடே மணிக்கூட்டை மாற்றும்போதும் அவர் மாற்றவில்லை. வேலைக்கு நேரம் பார்க்கச் சுவரைப் பார்ப்பார். கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் எங்கள் வீட்டிலிருந்து திரேசாவை அழைப்பார். கோட்டை மட்டும் மெல்ல மெல்ல விட்டுவிட்டார். இரண்டு பேரும் மறுபடி நேரில் காணவில்லை. போவோம், வருவோம் என்று கதைத்துக்கொண்டிருந்தபடியே எண்பதுகள் முடியப் பார்த்தன.

இப்போது பென்ரோஸ் பக்கம் போனால் அந்தக் கட்டடத்தில் குளியலறை ஓடு விற்கிறார்கள். ஒரு நாள் உள்ளே போய் மோந்து பார்த்தேன், சீமெந்து மணம்தான். கார்பன் தாள் என்றால் என்ன என்று மகள் கேட்கிறாள். அன்பே என்று சொல்லிக் குரல்களைக் கைமாற்றிய ஒப்பரேட்டர் பெண்கள் எங்கே போனார்களோ. கைத்தொலைபேசியில் உலக நகரங்களின் நேரமெல்லாம் வரிசையாக வருகிறது. அந்தத் தீவுப்பக்கத்து நேரத்தைத் தட்டினால் அதுவும் இங்கிலீசுக்காரனின் கந்தோர் மணியைத்தான் காட்டுகிறது. நான் மனத்துக்குள் ஆறைக் கழித்துக்கொள்வேன்.

எண்பதுகளின் கடைசிக் குளிர்காலத்தில் சூசையண்ணை காலமானார். நித்திரையில், ஒருவருக்கும் தொந்தரவில்லாமல். திரேசாவுக்கு நான்தான் கடிதம் அடித்தேன், அடக்க நேரத்தை அவருக்குப் புரிகிற மணியில் போட்டு. கோவிலில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, டை, அதே கோட். இடது கையில் மணிக்கூடு. அதைப் பார்த்தேன். சரியாகப் பதினொன்று காட்டியது. கோவில் சுவரிலும் பதினொன்று.

அடக்கச் சேவைக்காரர் ஒரு நல்ல மனிதர், சிவந்த முகம், மெல்லிய குரல். கேட்டேன். ஓம், மணிக்கூடு மூன்று மணி பிந்தி ஓடியது, அவருடைய கடைசி நாளில் அது பிழையாக இருக்கக்கூடாது என்று தானே சாவி கொடுத்துச் சரியாக்கி வைத்ததாகச் சொன்னார். அவர் முகத்தில் இருந்த திருப்தி எனக்கு மிகவும் பழக்கமானது. கெட்டிக்காரியின் திருப்தி அது. அவரிடம் எனக்குக் கோபமே வரவில்லை.

ஐந்து நிமிடம் தாருங்கள் என்று கேட்டுவிட்டு, பெட்டியருகே குனிந்தேன். அவர் கை குளிர்ந்திருந்தது. சாவியை இழுத்து, முள்ளைப் பின்னுக்குத் திருப்பி, எட்டில் விட்டேன். சாவி கொடுக்கிற பழைய மணிக்கூடு அது. மறுநாள் மண்ணுக்குக் கீழே எப்போதோ நின்றிருக்கும். எத்தனை மணிக்கு நின்றது என்று எனக்குத் தெரியாது. எத்தனையாக இருந்தாலும், திரேசாவின் மணிதான்.